'ப்ளடி': பொருளற்ற ஓர் அவையல் கிளவி

'ப்ளடி' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதிகள் முதலில் தரும் பொருள் 'இரத்தம் தோய்ந்த' என்பது. ஷேக்ஸ்பியரின் மாக்பெத்தைப் பயிலும் மாணவருக்கு இப்பொருள் போதுமானது. பெர்னாட் ஷாவின் பிக்மாலியனைப் பயில்பவருக்கோ அது சிறிதும் உதவாது.

1914 ஏப்ரல் 11 அன்று இலண்டன் ஹிஸ் மெஜஸ்டிஸ் அரங்கில் இந்நாடகம் நிகழ்த்தப்பட்டது. பூ விற்கும் பெண்ணான எலிசா டூலிட்டில், சீமாட்டியின் உச்சரிப்பைக் கற்றுக்கொண்டு ஹிக்கின்ஸின் தாயார் வீட்டு விருந்தினரிடையே பேசுகிறாள். பூங்கா வழியே நடந்தா செல்கிறாள் என்ற வினாவுக்கு மறுமொழியாக இச்சொல்லைச் சேர்த்து உறுதியாக மறுக்கிறாள். அவ்வேடமேற்ற திருமதி பேட்ரிக் கேம்ப்பெல் அதைச் சொன்னதும் எழுந்த சிரிப்பு அடங்க நெடுநேரமாயிற்று. கற்ற ஒலி சீமாட்டியுடையது. வாயில் வந்த சொல் தெருவினுடையது. நகைச்சுவை இம்முரணில்தான் உள்ளது. சொல்லின் பொருளில் இல்லை.

சொல்லின் தோற்றம் குறித்துக் கன்னி மரியாளின் பெயரால் இடும் ஆணையின் மரூஉ என்பது போன்ற விளக்கங்கள் சொல்லப்படுகின்றன; அவற்றுக்குச் சான்று வலுவில்லை. கருதத்தக்கது வேறொன்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோனதன் ஸ்விஃப்ட், ஸ்டெல்லாவுக்கு எழுதிய கடிதங்களில் வெயிலின் கடுமையைக் குறிக்க இச்சொல்லைத் தயக்கமின்றிக் கையாண்டுள்ளார். 1888இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியோ இதை அடித்தட்டு மக்களின் வாயில் ஓயாது வழங்குவதென்றும் மதிப்புடையோர் வெறுப்பதென்றும் பதிவு செய்தது. 'மிக' என்னும் பொருள் இரு காலத்தும் ஒன்றே. சொல்வோர் இன்னார் என்ற எண்ணம் மட்டுமே மாறியது.

தமிழ் இலக்கண மரபு இங்குத் துணைநிற்கிறது. செயல் வகையில் இச்சொல், தொல்காப்பியம் மிகுதிப் பொருளில் கூறும் உறு, தவ, நனி என்னும் உரிச்சொற்களை ஒத்தது. விலக்கு வகையில் இதை இடக்கரடக்கலோடு இணைத்துப் பார்க்கத் தோன்றும். 'ரடி', 'புளூமிங்' என ஆங்கிலேயர் மாற்றுச்சொற்களை நாடியதும் உண்மை. 'பிக்மாலியன்' என்ற நாடகப் பெயரே பின்னர் இச்சொல்லுக்கு மறைமொழியாயிற்று! ஆனால் இடக்கரடக்கல் மறைப்பது நாணத்தக்க பொருளை. இரத்தம் எந்த அவையிலும் சொல்லத்தக்க பொருளே. எனவே தொல்காப்பியத்தின் 'அவையல் கிளவி' என்ற தொடரே பொருத்தமானது; அது அளவுகோலைப் பொருளிடம் வைக்காமல் கேட்கும் அவையிடம் வைக்கிறது.

அவை மாறினால் கிளவியின் தகுதியும் மாறும் என்பதற்கு 2006ஆம் ஆண்டு ஆஸ்திரேலியச் சுற்றுலா விளம்பரம் சான்று. அந்நாட்டில் அன்றாடப் பேச்சாகிவிட்ட இச்சொல் அவ்விளம்பரத்தில் இடம்பெற்றமையால், பிரிட்டன் தொலைக்காட்சியில் முதலில் தடை விதிக்கப்பட்டுப் பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது.

தமிழ்ச் சூழலில் நேர்ந்தது இதனினும் வியப்பானது. தமிழ்த் திரைப்படங்களில் ஆங்கிலேய அதிகாரியும் ஆங்கிலம் கற்ற செல்வரும் 'ப்ளடி ஃபூல்' என்று சீறுவர். எலிசாவைச் சீமாட்டி நிலையிலிருந்து பூக்காரியாக இறக்கிய அதே சொல், இங்குச் சொல்வோரை மேல்தட்டினராகக் காட்டுகிறது. ஆதலின் பிக்மாலியனைத் தமிழாக்குவோர் 'ப்ளடி' என்றே விட்டுவிட்டால் காட்சி தலைகீழாகும். 'நாசமாய்ப் போன' என்று பெயர்த்தால் அது சாபமாகிவிடும். எலிசா எவரையும் சபிக்கவில்லை. சென்னைப் பேச்சில் 'கொய்யால' என்பது ஓரளவு நெருங்கி வருகிறது. அதைச் சொல்வோர் பலர் அதன் மூலப்பொருளை எண்ணுவதில்லை. எனினும் வகுப்பறையில் சொல்லக் கூசுவர். ஆனால் அது தனித்து நிற்கும் வியப்பிடைச்சொல். 'ப்ளடி' போல அடுத்த சொல்லோடு ஒட்டி அதை மிகுவிப்பதன்று. மிகுதிப் பொருளும் தெருவின் மணமும் ஒருங்கே கொண்ட தமிழ்ச்சொல்லை மொழிபெயர்ப்பாளர் அகராதியில் தேடிப் பயனில்லை. பூச்சந்தையில் காதுகொடுத்துக் கேட்டால் ஒருவேளை கிடைக்கலாம்.