காலம் வெறும் கருத்தா? புனித அகுஸ்தீனாரின் பதினோராம் புத்தகம்

காலம் என்று ஒன்று உண்மையில் இல்லை. மனிதன் தன் வசதிக்காக வகுத்துக்கொண்ட கருத்தே அது என்னும் கூற்று இன்று கற்றோர் நடுவே பெருமதிப்புடன் உலவி வருகிறது. அறிவியல் நூல்களில் அதைப் படித்த இளைஞர்கள் வியப்போடு சொல்கிறார்கள். இறைவன் காலத்தைக் கடந்தவர் என்னும் உண்மையின் ஒரு முனையை மட்டும் பற்றிக்கொண்ட போதகர்கள் சிலர் இறப்பு வீட்டிலும் அதையே ஆறுதல் மொழியாகச் சொல்லக் கேட்கிறோம். இரு சாராரும் தமக்குச் சாட்சியாக அழைப்பவர் ஒருவரே: ஹிப்போ நகர் ஆயர் புனித அகுஸ்தீனார் (354–430). ஏறத்தாழ 397-க்கும் 400-க்கும் இடையில் அவர் எழுதிய 'அறிக்கைகள்' என்னும் நூலின் பதினோராம் புத்தகமே அந்தச் சாட்சியம். ஆனால் சாட்சி சொல்லி முடிக்கும்வரை இவர்கள் காத்திருந்தார்களா என்பதே நம் ஐயம். காலத்தைப் பற்றி யாவரும் மேற்கோள் காட்டும் அவருடைய ஒரு வாக்கியத்தை நாம் இங்கே எடுத்தெழுதப் போவதில்லை. அதைச் சொல்லிவிட்டு நூலை மூடிவிடுவது வழக்கமாகிவிட்டது. நாம் மூடாமல் மேலே படிப்போம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். காலத்தை அளக்கும் கோல்கள் மனிதன் செய்தவை. இதில் வழக்கே இல்லை. 1582-ஆம் ஆண்டு திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி நாள்காட்டியைத் திருத்தியபோது, அக்டோபர் 4-ஆம் நாள் வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி என்று அறிவிக்கப்பட்டது. பத்து நாள்கள் ஏட்டிலிருந்து எடுபட்டன. அந்த இரவில்தான் ஸ்பெயின் நாட்டின் ஆல்பா தெ தோர்மெஸ் நகரில் அவிலா நகர்ப் புனித தெரேசா உயிர்நீத்தார். மறுநாள் அவரை அடக்கம் செய்தபோது தேதி 15. அவருடைய திருநாளை அக்டோபர் 15-இல் நாம் கொண்டாடுவதற்குப் பின்னணி இதுவே. நாள்களின் எண்களை ஓர் ஆணையால் மாற்ற முடிந்தது. அந்த இரவு படுக்கையருகே விழித்திருந்த சகோதரிகளுக்கு அது எந்த ஆணையாலும் பத்து நாள் நீளவில்லை. ஓர் இரவாகவே கழிந்தது. எண் வேறு, கழிவது வேறு. காலம் கருத்தே என்று வாதிடுவோர் பெரும்பாலும் முன்னதைப் பற்றிய சான்றுகளைக் காட்டிப் பின்னதை மறுத்துவிடுகிறார்கள்.

அகுஸ்தீனார் இந்தப் பிழையைச் செய்யவில்லை. பதினோராம் புத்தகம் காலத்தைப் பற்றிய ஆராய்ச்சியாகத் தொடங்கவுமில்லை. தொடக்கநூலின் முதல் வரியைப் புரிந்துகொள்ள முயலும் மன்றாட்டாகவே அது தொடங்குகிறது. படைப்புக்கு முன் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேலியாகக் கேட்டவர்களுக்கு அவர் தரும் விடை எளிதானது: காலமும் படைப்பே, படைப்புக்கு 'முன்' என்பதற்குப் பொருளில்லை. அதன் பிறகுதான் இடர் தொடங்குகிறது. கடந்தது இப்போது இல்லை. வரவிருப்பது இன்னும் இல்லை. நிகழ்வதோ நீளமற்ற ஒரு புள்ளி. அவ்வாறாயின் நாம் நெடிது என்றும் குறுகியது என்றும் அளப்பது எதை?

வான்கோள்களின் இயக்கமே காலம் என்று ஒருவர் சொல்லக் கேட்டதாகக் கூறி, அதனை அவர் மறுக்கும் இடம் நம் கவனத்துக்கு உரியது. வான்சுடர்கள் நின்றுபோய்க் குயவனின் சக்கரம் மட்டும் சுழன்றால் அதன் சுற்றுகளை அளக்கக் காலம் இராதா என்று கேட்கிறார். யோசுவாவின் நாளில் கதிரவன் நின்றது, காலமோ சென்றுகொண்டிருந்தது என்கிறார். கடிகாரம் நின்றாலும் காலம் நிற்பதில்லை என்று வாதிடுபவரையா, காலம் நம் கற்பனை என்பதற்குச் சாட்சியாக அழைப்பது?

ஆயினும் அடுத்த அடியில் அவர் உள்ளத்துக்குள் திரும்புகிறார் என்பது உண்மை. கடந்தது நினைவிலும், நிகழ்வது கவனத்திலும், வருவது எதிர்பார்ப்பிலும் இருக்கின்றன. நாம் அளப்பது உள்ளத்தில் பதிந்தவற்றையே என்கிறார். காலத்தை அவர் உள்ளத்தின் நீட்சி என்கிறார். அதற்கு அவர் ஆளும் இலத்தீன்ச் சொல்லில் நீளுதல் மட்டுமன்றிச் சிதறி இழுபடுதலும் தொனிக்கிறது. இங்கே அவர் வாதத்தில் ஒரு தொய்வு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அளவை உள்ளத்தில் வைத்தவர், அளக்கப்படுவது எங்கே என்பதை இந்நூலில் முழுமையாகச் சொல்லாமலே விட்டுவிடுகிறார். பின்னாளில் எழுதிய 'கடவுளின் நகரம்' நூலின் பதினோராம் புத்தகத்தில்தான் அக்குறை ஓரளவு நிறைவுபெறுகிறது. மாற்றமுறும் படைப்பு எங்கே உண்டோ அங்கே காலம் உண்டு. உலகம் காலத்தினுள் படைக்கப்படவில்லை, காலத்தோடு படைக்கப்பட்டது என்பது அங்கே அவர் நிலை. தொடக்கநூலின் வரிசையில் மனிதன் வருவது ஆறாம் நாளில். மனிதக் கருத்தே காலம் என்றால் முதல் ஐந்து நாள்களை அகுஸ்தீனார் எங்கே வைத்திருப்பார்?

இனி இந்தப் புத்தகத்தின் இதயமென நாம் கருதும் பகுதிக்கு வருவோம். அளவை விளக்க அவர் ஓர் எடுத்துக்காட்டை எடுக்கிறார்: மிலான் ஆயர் புனித அம்புரோசியார் இயற்றிய மாலைப் பாடலின் முதல் அடி. அதில் எட்டு அசைகள். (யாப்பின் நேரசையும் நிரையசையும் அல்ல, ஒரே முயற்சியில் ஒலிக்கும் ஒலிக்கூறுகளையே இங்கே அசை என்கிறோம்.) ஒன்று விட்டு ஒன்றாக நான்கு குறில், நான்கு நெடில். குறிலைப் போல் நெடில் இருமடங்கு என்கிறார். தமிழிலக்கணம் படித்த எவரும் இங்கே புன்னகைப்பர். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று நம் பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிப்பது இதே விகிதம்தான். தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவாகக் காட்டுவதோ இமைக்கும் கண்ணும் நொடிக்கும் விரலும். அந்த 'நொடி'தான் இன்று 'செகண்டு' என்பதற்கு நாம் வழங்கும் சொல். 1967 முதல் அறிவியல் அதைச் சீசிய அணுவின் 919,26,31,770 அதிர்வுகள் என்று வரையறுத்திருக்கிறது. கோல் விரலிலிருந்து அணுவுக்கு மாறியிருக்கிறது. நெடில் ஒலித்து முடியக் குறிலைவிட அதிக நேரம் ஆவது மட்டும் மாறவில்லை.

ஆனால் ஏன் அந்தப் பாடல்? உலகத்தில் எத்தனையோ செய்யுள்கள் இருக்க, வெர்ஜிலைக் கற்பித்த அந்த முன்னாள் சொற்கலை ஆசிரியர் இதை ஏன் தெரிந்தெடுத்தார்? விடை இரண்டு புத்தகங்களுக்கு முன்னே இருக்கிறது. 387-ஆம் ஆண்டு, மகன் திருமுழுக்குப் பெற்ற அதே ஆண்டில், ஊர் திரும்பும் வழியில் ஓஸ்தியாத் துறைமுகத்தில் அன்னை மோனிக்கா இறந்தார். அடக்கத்தின்போது அழாமல் தம்மை அடக்கிக்கொண்டதையும், துயர் தணியும் என்று கேள்விப்பட்டுக் குளிக்கச் சென்றும் பயனில்லாமற் போனதையும், உறங்கி எழுந்து தனிமையில் படுத்திருக்கையில் அம்புரோசியாரின் பாடல் நினைவுக்கு வந்ததையும், அதன் பின்னே கண்ணீர் உடைத்துக்கொண்டதையும் ஒன்பதாம் புத்தகம் சொல்கிறது. அந்தப் பாடலும் இந்தப் பாடலும் ஒன்றே.

பத்தாண்டுகளுக்கும் மேலாகிவிட்ட பின், காலம் என்றால் என்ன என்று கேட்டு எழுதும் ஆயர், தாயை அடக்கம் செய்த நாளில் தம்மை அழவைத்த அதே அடியை எடுத்துவைத்துக்கொண்டு, அசை அசையாக அளக்கிறார். அதை அவர் வாசகருக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை என்று நினைத்திருக்கலாம். காலம் பொய் என்று நிறுவ வந்தவர் செய்யும் செயலாக இது நமக்குத் தோன்றவில்லை. ஒலித்து மறைந்த அசை இல்லாமற் போகாமல் எங்கே தங்குகிறது என்று கேட்பவரின் கேள்விக்குள், மறைந்த தாயைப் பற்றிய கேள்வியும் இருக்கிறது. மறைந்தது மெய்யாகவே இருந்தது, மெய்யாகவே கடந்தது. இவ்விரண்டில் ஒன்றைக் கைவிட்டாலும் அந்தக் கண்ணீருக்குப் பொருளில்லை.

இத்தாலிய இயற்பியலறிஞர் கார்லோ ரொவெல்லி 2017-இல் வெளியிட்டு, மறு ஆண்டே ஆங்கிலத்திலும் வந்த 'காலத்தின் ஒழுங்கு' என்னும் நூலை இந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. அழகான நூல், வறட்டு நாத்திகப் பரப்புரை என்று எவரும் அதை ஒதுக்கிவிட வேண்டாம். அண்டத்தின் அடித்தளத்தை விளக்கும் சமன்பாடுகளில் காலம் என்னும் அளவே இல்லாமற் போகக்கூடும். முன், பின் என்னும் திசை நம் மங்கலான பார்வையோடும் வெப்பத்தோடும் தொடர்புடையது என்பது அவர் வாதம். ஆயினும் மாற்றம் பொய் என்று அவர் சொல்லவில்லை. உலகம் பொருள்களால் ஆனதன்று, நிகழ்வுகளால் ஆனது என்றே சொல்கிறார். நூலின் பிற்பகுதியில் அகுஸ்தீனாரைப் பாராட்டி, பாடலைக் கேட்கும் அனுபவத்தையும் விளக்குகிறார். எந்தப் பாடல் என்பது மட்டும் அவர் வாதத்துக்குத் தேவைப்படவில்லை. நினைவை எடுத்துக்கொண்டு மன்றாட்டை விட்டுவிடுகிறார். பதினோராம் புத்தகம் முழுவதும் 'நீர்' என்று ஒருவரை விளித்து எழுதப்பட்டது. தம் வாழ்வு காலங்களில் சிதறிக் கிடப்பதாகவும், இறைவனில் ஒன்றுசேரக் காத்திருப்பதாகவும் அதன் இறுதிப் பகுதி பேசுகிறது. சிதறல் மெய் என்று உணர்ந்தவனே சேர்க்கப்பட வேண்டும் என்று கேட்பான்.

இயற்பியல் காலத்தை ஒழித்துவிட்டது என்பாரும் அவசரப்படுகிறார்கள். 1971-இல் ஹாஃபெலே, கீட்டிங் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றிவந்தனர். தரையிலிருந்த கடிகாரங்களோடு ஒப்பிட்டபோது, கிழக்கே சென்றவை ஒரு நொடியின் நூறு கோடிப் பங்குகளுள் ஏறத்தாழ 59 பங்கு பின்தங்கியிருந்தன. மேற்கே சென்றவை 273 பங்கு முந்தியிருந்தன. எல்லா இடத்துக்கும் பொதுவான ஒரே 'இப்போது' இல்லை என்பதற்கு இது சான்றுதான். ஆனால் வெறும் கருத்து விமானம் ஏறினால் பின்தங்குமா? ஐன்ஸ்டைனின் கொள்கையில் காலம் இடத்துக்கு இடம், வேகத்துக்கு வேகம் மாறி ஓடுகிறது. விளைவு தன் காரணத்துக்கு முன்னே நிற்பதாக யார் பார்வையிலும் தோன்றுவதில்லை.

அந்த ஐன்ஸ்டைன் எழுதிய மடல் ஒன்றும் இவ்வழக்கில் அடிக்கடி காட்டப்படுகிறது. 1955 மார்ச் 15-இல் அவருடைய நெடுநாளைய நண்பர் மிக்கேலே பெஸ்ஸோ இறந்தார். சில நாள்களில் அக்குடும்பத்தாருக்கு எழுதிய ஆறுதல் மடலில், முக்காலப் பிரிவினை ஒரு தோற்றமே என்னும் பொருள்பட அவர் எழுதினார். ஆனால் அதே மடலில், நண்பர் தமக்குச் சற்று முன்னதாகப் போய்விட்டார் என்றும் குறிப்பிடுகிறார். அந்த 'முன்' எங்கிருந்து வந்தது? துயருற்ற முதியவரின் நெஞ்சிலிருந்து வந்தது என்று சிலர் சொல்லக்கூடும். அதே ஆண்டு ஏப்ரல் 18-இல் அவரும் இறந்தார். 'முன்' என்று அவர் எழுதியது அப்படியே உண்மையாயிற்று. இரண்டில் எதை மாயை என்பது?

போதக மேடைகளில் ஒலிக்கும் ஆறுதலுக்கு இப்போது வருவோம். இறைவனின் முடிவின்மையைப் பற்றிப் பேசுகையில் புனித தோமா அக்குவினார் ஓர் உவமை தருகிறார். வழியில் நடப்பவன் தனக்குப் பின்னால் வருவோரைக் காண்பதில்லை. உயரத்தில் நிற்பவனோ வழிப்போக்கர் அனைவரையும் ஒருங்கே காண்கிறான். உவமை முழுவதையும் கொள்ள வேண்டும். உயரத்தில் ஒருவர் இருப்பதால் கீழே வழி இல்லாமற் போவதில்லை. நடப்பவர்களின் கால்கள் நோவதும் நிற்பதில்லை. கணவனை இழந்து ஏழு மாதமான ஒரு பெண்ணிடம், கடவுளுக்குக் காலமில்லை, எனவே உன் ஏழு மாதமும் இல்லை என்று சொல்வது, குன்றின் மேல் நாம் நிற்பதாகப் பாவனை செய்வதாகும். முப்பதாம் நாள் திருப்பலியும் ஆண்டு நினைவுத் திருப்பலியும் வேண்டி இறைமக்கள் வரும்போது, அவர்கள் கேட்பது நாள்களை மறுக்கும்படி அன்று; அந்த நாள்களைப் பலிபீடத்தின்மேல் வைக்கும்படியே கேட்கிறார்கள்.

நம் நம்பிக்கை அறிக்கையே ஓர் உரோமை ஆளுநரின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. போஞ்சு பிலாத்துவுக்கு அங்கே வேறு என்ன வேலை? மீட்பு நிகழ்ந்தது ஒரு காலத்தில் என்பதற்கு அவன் பெயர் அடையாளம். ஒப்புரவு அருட்சாதனமும் அப்படியே. செய்த தீமை நடந்ததே இல்லை என்று அங்கே எவரும் சொல்வதில்லை. நடந்தது நடந்ததாகவே இருக்க, அதன் மேல் மன்னிப்பு உரைக்கப்படுகிறது. கடந்த காலம் வெறும் கருத்தென்றால் மன்னிக்க எதுவுமில்லை. திருந்திய மகனுக்கும் திருந்தாத மகனுக்கும் நடுவே வீடு திரும்பிய நெடுவழியும் இல்லை.

ஒன்பதாம் புத்தகத்தின் முடிவில் அகுஸ்தீனார் வாசகரிடம் ஒன்று வேண்டுகிறார்: தம் அன்னை மோனிக்காவையும் தந்தை பத்ரிசியுவையும் பலிபீடத்தருகே நினைத்துக்கொள்ளும்படி. இனி வரவிருக்கும் வாசகரையும் எண்ணியே அவர் கேட்டிருக்க வேண்டும். 1945-இல் ஓஸ்தியாவின் புனித அவுரேயா ஆலயத்தருகே, விளையாடுவதற்குக் கம்பம் நட மண்ணைத் தோண்டிய சிறுவர்களின் கையில் உடைந்த கல்லொன்று அகப்பட்டது. மோனிக்காவின் கல்லறைக் கல்வெட்டின் ஒரு துண்டு அது. ஆகஸ்டு 27-இல் அவர் பெயரையும் மறுநாள் மகன் பெயரையும் நாம் திருப்பலியில் சொல்கிறோம். பத்ரிசியுவின் பெயர்தான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. மகன் அவரையும் சேர்த்தே கேட்டிருந்தார்.