வீட்டு நூலகம்

டோக்கியோவின் ஓகிகுபோ பகுதியில் 1958-இல் இஷீ மொமோகோ தன் வீட்டிலேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு நூலகம் திறந்தார். பெயர் கட்சுரா புன்கோ. அவர் எழுத்தாளர், பதிப்பாசிரியர். வின்னி த பூ கரடிக்குட்டியை ஜப்பானியம் பேசவைத்தவர். எனக்குப் பிடித்தது அவர் பிள்ளைகளைக் கவனித்த விதம்தான். எந்தப் புத்தகத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள், எதைப் புரட்டிவிட்டு அப்படியே வைத்துவிடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பரிசுக் குழுக்களைவிடக் கறாரான நடுவர்கள் அவர்கள்! அந்த அனுபவமே 1965-இல் 'குழந்தைகளின் நூலகம்' என்ற நூலாயிற்று. அதைப் படித்துவிட்டு ஊர் ஊராகப் பெண்கள் தங்கள் வீட்டுக் கதவையும் திறந்துவைத்தார்கள். 1974-இல் நான்கு வீட்டு நூலகங்கள் சேர்ந்து டோக்கியோ குழந்தைகள் நூலகம் உருவானது. கட்சுரா அவற்றில் ஒன்று.