நகரப் படலமும் விற்பனைப் படலமும்

காப்பியம் பாடப் புகுந்த தமிழ்ப் புலவன் கதையைத் தொடங்குமுன் நாட்டைப் பாடினான். நாட்டைப் பாடியபின் நகரைப் பாடினான். நாட்டுப் படலம், நகரப் படலம் என்று கம்பன் வகுத்துக்கொண்ட முறை நம் மாணவர் பலரும் அறிந்ததே. நம் காலத்திலோ நகரைப் பாடும் தொழில் புலவர் கையை விட்டு, வீடு கட்டி விற்கும் கம்பெனிகளின் கைக்குப் போய்விட்டது. வழவழப்பான தாளில் வண்ணப் படங்களோடு அச்சிட்டு வழங்கப்படும் விற்பனைப் புத்தகங்களே இக்காலத்து நகரப் படலங்கள். இவற்றை இலக்கியமாகக் கொண்டு ஆராய்வார் எவருமிலர். ஆராய வேண்டும் என்பது நம் கருத்து. பழம்பாட்டில் பொருட்குற்றம் இருப்பின் படிப்பவனுக்கு நட்டமொன்றுமில்லை. இப்புத்தகத்தில் பொருட்குற்றம் இருப்பின் படித்தவனுடைய சேமநிதியே போய்விடும்.

கம்பன் பாடிய கோசலத்தில் ஏழையும் இல்லை, கள்வனும் இல்லை. அப்படியும் ஒரு நாடு உண்டோ என்று கேட்போர் கேட்கலாம். ஆயினும் அதைப் படித்துவிட்டு அயோத்தியில் மனை வாங்க முன்பணம் கட்டியவர் ஒருவருமிலர். கவிஞனும் தன் கூற்று கற்பனை என்பதை மறைத்தானில்லை. கம்பெனியாரின் கற்பனைக்கோ ரசீதும் தவணையும் உண்டு.

நாம் ஈண்டு எடுத்துக்கொண்டவை ஜொகூரின் தென்கோடியில் கடந்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் எழுந்த இரண்டு. ஒன்று ஜொகூர் பாருவின் நடுநகரில், பாலத்தருகே, நீரிணையை நோக்கி நிற்பது. மற்றொன்று மேற்கே, தஞ்சோங் கூப்பாங் பக்கத்துக் கடலில் மண் கொட்டி எழுப்பியது.

முதலாவதன் நிலத்திற்கு ஒரு கதை உண்டு. 1855இல் தெமெங்கோங் இப்ராகிம் இங்கே ஊர் அமைத்தபோது அதன் பெயர் தஞ்சோங் புத்ரி. இளவரசி முனை என்று பொருள். 1866இல் அவர் மகனார் அபூபக்கர் அதற்கு ஜொகூர் பாரு என்று பெயர் மாற்றினார். பாரு என்றால் புதிது. புதிது என்பதையே பெயராகத் தாங்கிய ஊர் எப்போதும் ஏதேனும் ஒன்றை இடித்துக் கட்டிக்கொண்டே இருப்பதில் வியப்பில்லை. 2013 டிசம்பரில் சீனத்துக் குவாங்சௌ நகரைச் சேர்ந்த ஆர் அண்டு எஃப் கம்பெனி, இம்முனையில் 116 ஏக்கர் நிலத்தை ஜொகூர் சுல்தானிடமிருந்து 450 கோடி வெள்ளிக்கு வாங்கியது. அடுக்ககங்கள், விடுதி, கடைத்தொகுதி, அலுவலகம், நாடக அரங்கு எல்லாம் அடங்கிய திட்டத்திற்கு அவர்கள் இட்ட பெயர் பிரின்சஸ் கோவ், அதாவது இளவரசிக் குடா. மலாய்க்காரர் விட்ட பழைய இளவரசியைச் சீனத்தார் ஆங்கிலத்தில் மீட்டுக் கொண்டுவந்தனர் என்றே சொல்லலாம். பெயரிட்டவன் ஊரின் சரித்திரத்தைச் சிறிதேனும் தொட்டிருக்கிறான். அதனை நாம் குறை கூறோம்.

இரண்டாவதன் பெயரோ குற்றத்திலேயே பிறந்தது. ஃபோரஸ்ட் சிட்டி என்றால் வன நகரம். வனம் எங்கே? அங்கே இருந்தது கடல். கடலடியில் கடற்புல், தீபகற்பத்தில் பெரியது என்று அறிஞர் சொல்லும் மெராம்போங் கடற்புல் பரப்பு இதன் அருகே உள்ளது. கரையில் கண்டற்காடும், மீனும் சிப்பியும் எடுத்துப் பிழைத்த மலாய்க் குடிகளும் சிலெத்தார் ஆதிக்குடிகளும். 2014இல் மணல் கொட்டத் தொடங்கியதும் எதிர்க்கரையிலிருந்து சிங்கப்பூர் அரசு கவலை தெரிவித்தது. வேலை நின்றது, சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை எழுதப்பட்டது, திட்டத்தின் அளவு குறைக்கப்பட்டு 2015இல் அனுமதி கிடைத்தது. குறைந்த பின்னும் நான்கு தீவுகள், ஏறத்தாழ 1,386 ஹெக்டேர். கன்ட்ரி கார்டன் என்னும் சீனக் கம்பெனியும் ஜொகூர்த் தரப்பினரும் கூட்டாக நடத்தும் இத்திட்டத்தில் 7 இலட்சம் பேர் குடியேறுவர் என்று சொல்லப்பட்டது. வண்டிகளெல்லாம் கீழ்த்தளத்தில் ஓடும், மேலே மக்கள் தோட்டத்தில் நடப்பர், கட்டடச் சுவர்களிலும் செடி படரும் என்பது வருணனை. கடலைத் தூர்த்து அதன்மேல் தொட்டியில் செடி வைத்து, அதற்கு வனம் என்று பெயரிடுவது எந்த அணியிலக்கணத்திலும் அடங்காத உயர்வு நவிற்சி.

புகார் நகரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை கூறும். இந்திர விழாவை மறந்ததே காரணம் என்று அது சொல்லுவதைப் பகுத்தறிவுடையார் ஏற்பதற்கில்லை. கடலை ஊர் கொண்ட கதையைப் பாட ஒரு சாத்தனார் இன்னும் வரவில்லை.

நிற்க. நாம் சொல்ல வந்த முதற் குற்றம் இதுவன்று. சிலப்பதிகாரத்தில் இந்திர விழவூரெடுத்த காதையைப் படித்தவர்கள் மருவூர்ப்பாக்கத்தை மறக்க மாட்டார்கள். இளங்கோ அந்நகரின் மாடங்களைச் சொல்லிவிட்டு அமைந்தாரில்லை. பிட்டு விற்பவர், அப்பம் சுடுபவர், கள் விற்கும் மகளிர், மீன் விற்கும் பரதவர், உப்பு விற்பவர், வெற்றிலை விற்பவர், கன்னார், தச்சர், குயவர், தையற்காரர், செருப்புத் தைப்பவர், யாழும் குழலும் வல்லார் என்று ஆள் ஆளாக எண்ணி நிறுத்துகிறார். மதுரைக் காஞ்சியும் அப்படியே. பகலங்காடி எது, இரவங்காடி எது, எந்தச் சாமத்தில் எவர் கடையடைக்கிறார் என்பதெல்லாம் அதில் உண்டு. நகரென்பது மனிதர் என்பதை அப்புலவர்கள் அறிந்திருந்தனர். மாடம் பின்னே வரும்.

இனி விற்பனைப் புத்தகத்தை விரியுங்கள். மாடம் முன்னே நிற்கிறது, மனிதர் எங்கே? ஒரு கணவனும் மனைவியும் மாடியில் நின்று கடலைப் பார்க்கிறார்கள். ஒரு குழந்தை நீச்சற்குளத்தருகே சிரிக்கிறது. விடுதியின் முன்கூடத்தில் ஒருவர் பெட்டியை இழுத்துச் செல்கிறார். அவ்வளவே. பிட்டு விற்பவன் இல்லை. குப்பை அள்ளுவோன் இல்லை. விடுதிப் படுக்கைக்கு விரிப்பு மாற்றும் பெண், மின்தூக்கி பழுதானால் சரி செய்கிறவன், வாயிற்காவலன் ஒருவருமில்லை. இக்கோபுரங்களை எழுப்பிய வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளத்தாரும் ஒரு படத்தின் ஓரத்தில்கூட இல்லை. இவர்களெல்லாம் எங்கே உறங்குவர் என்று புத்தகம் சொல்லவில்லை. இவர்களின்றி ஒரு நாளேனும் அவ்விடம் நடவாது என்பதும் அதற்குத் தெரியவில்லை.

இதனைச் சொல்லும்போது ஒரு சாரார், சீனத்தார் வந்து நிலம் வாங்கியது பொறுக்காமல் நாம் பேசுகிறோம் என்று கருதக்கூடும். அவ்வாறு கருதுவோர் மருவூர்ப்பாக்கத்தை மீண்டும் படிக்கட்டும். அங்கே கடற்கரையில் யவனர் இருப்பிடங்கள் இருந்தன. பல தேசத்தாரும் கலந்து இனிது வாழ்ந்தனர் என்பதே இளங்கோவின் பெருமை. ஜொகூரும் வேற்றூராரால் ஆன ஊரே. வோங் ஆ ஃபூக் என்னும் சீனத் தச்சர் அரண்மனை கட்டினார்; நகரின் பெரிய தெரு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. தான் ஹியோக் நீ மிளகும் கம்பிரும் பயிரிடச் செய்தார். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து காட்டை அழித்து ரப்பர் நட்டனர். இவர்கள் வந்தவர்கள், வந்து தங்கியவர்கள். அந்நியன் வந்தான் என்பதன்று நம் குறை. வாங்கியவன் வரவேயில்லை என்பதே.

ஏன் வரவில்லை என்பதும் ஒளிவுமறைவில்லாத செய்தியே. தன் குடிகள் வெளிநாட்டில் வீடு வாங்கப் பணம் அனுப்புவதைச் சீன அரசு 2017இன் தொடக்கத்தில் இறுக்கியது. வெளிநாட்டார் ஃபோரஸ்ட் சிட்டியில் குடியேற விசா வழங்கப்படாது என்று அப்போதைய பிரதமர் மகாதீர் 2018 ஆகஸ்டில் கூறினார். வாங்கலாம், வாங்கியதனால் மட்டும் குடியிருக்கும் உரிமை வாராது என்று பின்னர் ஒரு விளக்கமும் வந்தது. 2020இல் நோய் வந்து எல்லைகள் அடைபட்டன. 2023 அக்டோபரில் கன்ட்ரி கார்டனே தன் வெளிநாட்டுக் கடனுக்குரிய தவணையைக் கட்ட இயலாமல் தவறியது. இரவில் விளக்கெரியாத சன்னல்களே அங்கு மிகுதி என்று அவ்வாண்டில் சென்று வந்த செய்தியாளர் பலர் எழுதினர். நூல் செல்லாதபோது உரையாசிரியர் வருவது வழக்கம். 2023 ஆகஸ்டில் அதனைச் சிறப்பு நிதி மண்டலமாக்குவதாகப் பிரதமர் அன்வார் அறிவித்தார். 2024 செப்டம்பரில் செல்வக் குடும்பங்களின் நிதி அலுவலகங்களுக்கு அங்கே வரியே இல்லை என்னும் சலுகை வெளியாயிற்று. ஏழு இலட்சம் மக்கள் என்று பாடிய பாட்டுக்குச் சில பணப்பெட்டிகள் என்று உரை கண்டிருக்கிறார்கள்.

நடுநகர்த் திட்டத்தை இதனோடு ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது நேர்மையாகாது. 2019இல் திறந்த அதன் கடைத்தொகுதியில் கூட்டம் உண்டு. நம் பிள்ளைகள் பலருக்கு அங்கு வேலையும் உண்டு. பாலத்தைக் கடந்து நடந்தே வரக்கூடிய தூரம் என்பது அதன் பலம். கீழே கடை, மேலே வீடு என்னும் அமைப்பும் புதிதன்று. ஜாலான் துருஸ், ஜாலான் ஊங்கு புவான் தெருக்களில் உள்ள பழைய கடைவீடுகளும் அதே அமைப்புத்தான். ஆனால் அங்கே கீழே பூத்தொடுப்பவனோ மிளகாய் அரைப்பவனோதான் மேலே உறங்கினான். தெருவிளக்கு எரியாவிட்டால் அவன் போய்ச் சண்டை பிடித்தான். இங்கே மேல்வீட்டுச் சொந்தக்காரன் வேறு தேசத்தில் இருக்கிறான். உறங்குபவன் ஓரிரவு வாடகைக்கு வந்தவன். அடுக்ககம் என்று விற்றதும் விடுதி என்று கட்டியதும் நாளடைவில் ஒன்றாகிவிடுகின்றன. யார் போய்ச் சண்டை பிடிப்பது? நகர் நடுவே ஓடும் செகெட் ஆற்றை நாற்றம் பொறுக்காமல் 2000களில் மூடி, 2010களில் மீண்டும் திறந்து துப்புரவாக்கினார்களே, அது அத்தெருக்களில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முறையிட்டதன் பயனுமாகும். நாற்பதாம் மாடியில் நாற்றம் எட்டுவதில்லை.

தோட்டத்து அன்பர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். தோட்டத்தில் வீடு கொடுத்தார்கள், லயத்து வீடு. வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் மறுமாதம் மூட்டை கட்ட வேண்டும். நாற்பதாண்டு பால் வெட்டியவனுக்கும் தன் பெயரில் ஒரு சுவர் கிடையாது. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பல்லாயிரம் குடும்பங்கள் இதனை நேரிற் கண்டன. பின்னர் ஜொகூரின் ரப்பர் நிலமும் எண்ணெய்ப்பனை நிலமும் புதுநகரங்களாயின; இன்று இஸ்கந்தர் புத்ரி எனப்படும் வட்டாரத்தின் பெரும்பகுதி முன்பு பனை நின்ற மண். லயம் என்பது ஆள் உண்டு, உரிமை இல்லை என்பது. இப்புதிய கோபுரம் உரிமை உண்டு, ஆள் இல்லை என்பது. இரண்டும் ஒரே மாநிலத்தில், சில இடங்களில் ஒரே நிலத்திலேயே, ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

இவ்விரண்டுக்கும் அப்பால் ஒரு வழி இருந்ததை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கிய பாட்டாளிகளின் பணத்தைக் கொண்டே, மறுவாண்டு கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அச்சங்கத்தின் பிற்கால நடப்பில் குறை காண்போர் உண்டு; காணட்டும். ஆனால் அதன் விண்ணப்பத் தாளில் கடற்காட்சியும் இல்லை, நீச்சற்குளமும் இல்லை. அந்த மண்ணில் ஏற்கெனவே வேலை செய்து வாழ்கிறவனே அதனை வாங்குபவன் என்னும் ஒரு செய்தி இருந்தது. நகர்ப்புறத்தில் அவ்வாறு ஒரு முயற்சி ஏன் எழவில்லை என்பதைச் சங்கங்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இன்று இதனை எழுதக் காரணம், அடுத்த படலம் அச்சேறிக்கொண்டிருப்பதே. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரை நான்கு கிலோமீட்டருக்கு இரயில் பாதை அமைத்து, மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச் செல்வது திட்டம். 2025 ஜனவரியில் ஜொகூர், சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. இரயில் நல்லது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மோட்டார் சைக்கிளில் பாலத்தில் நனைந்துகொண்டு நிற்கும் நம் இளைஞர்க்கு அது பெரிய உதவி. ஆயினும் அந்நிலையத்தைச் சுற்றி எழும் விடுதிகளுக்கும் அடுக்ககங்களுக்கும் இப்போதே விற்பனைப் புத்தகங்கள் வந்துவிட்டன. வாடகை தானே வரும், விலை தானே ஏறும் என்று அவை பாடுகின்றன. விற்காமல் தங்கிய அடுக்ககங்களின் கணக்கில் ஜொகூர் பல ஆண்டுகள் நாட்டிலேயே முன்னணியில் நின்றது என்பதை அவற்றில் ஒன்றும் பாடவில்லை.

ஊழியர் சேமநிதியில் இருக்கும் தொகையை நோக்கி இப்படலங்கள் எழுதப்படுகின்றன என்பதை அன்பர்கள் கருத்தில் வைக்க வேண்டும். கையெழுத்திடுமுன் மாதந்தோறும் கட்டவேண்டிய பராமரிப்புத் தொகை எவ்வளவு, அதே தெருவில் பூட்டிக்கிடக்கும் வீடு எத்தனை, வாடகைக்கு வருபவன் யார், அவன் சம்பளம் என்ன என்று விற்பனைக் கூடத்துப் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். அவர் இனிமையாகச் சிரித்து மாதிரி வீட்டைக் காட்டுவார். அவரும் நாள்தோறும் மாசாயிலிருந்தோ ஸ்கூடாயிலிருந்தோ ஒரு மணி நேரம் வண்டியில் வருபவராகவே இருக்கக்கூடும். தாம் விற்கும் வீட்டில் தாம் குடியிருக்க முடியுமா என்று அவரையும் கேட்கலாம். மேலாளர் அருகில் இல்லாதபோது கேளுங்கள்.