சுத்தியல் முனையில் ஒரு பேக்கிங்

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் தயாரிப்பு 1996-இல் நின்றது. ஆனாலும் அதன் என்ஜின் பேக்கிங் (கேஸ்கெட்) செட் சென்னை புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் இன்றும் கிடைக்கிறது. கையில் காசு குறைவென்றால் முழு செட்டும் தேவையில்லை. ஹெட் பேக்கிங்கைக் கட்டாயம் புதிதாக வாங்க வேண்டும். எரிதலின் சூட்டையும் அழுத்தத்தையும் காகிதம் தாங்காது.

கிளட்ச் கவருக்கோ பேக்கிங் ஷீட் எனும் காகிதமே போதும். ஷீட்டைக் கவர்மேல் அழுத்திப் பிடித்து, போல்ட் துளைகளின்மீது சுத்தியலின் உருண்டை முனையால் மெல்லத் தட்டினால் சிறு வட்டங்கள் கச்சிதமாக அறுந்து விழும். இரண்டு துளைகளில் போல்ட்டைச் செருகிவிட்டால் ஷீட் நகராது. பிறகு விளிம்பு நெடுகத் தட்டிக்கொண்டே போகலாம். அளவுகோலே தொடாமல் கவரின் வடிவம் அப்படியே காகிதத்தில் இறங்குவது பார்க்கப் பார்க்கச் சலிக்காத கைவேலை.

சிலிண்டருக்கு அடியில் வரும் பேக்கிங் பழையதன் தடிமனிலேயே இருக்க வேண்டும். தடித்தால் சிலிண்டர் உயர்ந்து, போர்ட் திறக்கும் நேரம் மாறும், கம்ப்ரஷனும் குறையும். அங்கே காற்று கசிந்தால் இன்னும் மோசம்: டூ ஸ்ட்ரோக் என்ஜினில் கலவையின் பெட்ரோல் விகிதம் குறைந்து, பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும்.

எதைப் பொருத்தினாலும், ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கை அலுமினியத்தில் கீறல் விழாமல் முழுதாகச் சுரண்டி எடுத்த பிறகே பொருத்த வேண்டும்.