‘பொறம்போக்கு’ – சொல்லும் பாடலும்

சொற்கள் காலப்போக்கில் உயர்ந்த பொருளையோ இழிந்த பொருளையோ அடைதல் மொழிநூலார் கண்ட உண்மை. நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ தீநாற்றத்திற்கே உரியதாய் இழிந்தமை யாவரும் அறிந்தது. அவ்வாறு இழிந்த சொல்லொன்றை மீண்டும் உயர்த்த ஒரு பாடல் முற்படுமாயின், அம்முயற்சி திறனாய்வுக்கு உரியதேயாம். 2017 சனவரியில் வெளிவந்த ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’ அத்தகையது. கபேர் வாசுகி இயற்றி, ஆர். கே. ஸ்ரீராம்குமார் இசையமைத்து, டி. எம். கிருஷ்ணா பாடிய இதனை, ரதீந்திரன் பிரசாத் எண்ணூர்க் கழிப்பகுதியில் படமாக்கினார்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். தீர்வைக்குப் புறம்பாக விடப்பட்ட பொதுநிலமே புறம்போக்கு. ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு என்பன இன்றும் வருவாய்த்துறை வழக்கில் உள்ளன. இக்கருத்து பழமை வாய்ந்தது. தஞ்சை இராசராசேச்சுரக் கல்வெட்டுகள் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சேரி, சுடுகாடு ஆகியவற்றை இறையிலி நிலமென நீக்கியே வரிநிலத்தைக் கணக்கிடுகின்றன. ஊரார் அனைவருக்கும் உரியதாகலின் ஒருவர்க்கும் உரிமையாகாத நிலம் அது. பின்னர், விலைபோகாதது பயனற்றது என்னும் எண்ணம் வலுப்பெற, நிலத்தின் பெயர் மனிதரை வைதுரைக்கும் சொல்லாயிற்று. பட்டா இன்றி அந்நிலத்தில் வாழ்ந்த எளியோர்மேல் அவ்வசை எளிதில் சென்று படிந்தது எனக் கருதலாம்.

பாடலாசிரியர் இவ்வசையை மறுத்து வாதிடவில்லை. நிலத்திற்குரிய பழம்பொருளையே மீண்டும் மீண்டும் முன்வைக்கின்றார். இறுதியில் பாடுவோன் தன்னையே அச்சொல்லால் குறித்துக்கொள்ளுங்கால் வசை தன் கூர்மையை இழக்கின்றது. ‘புறம்’ என்பது ‘பொறம்’ என ஒலித்தலும் கருதத்தக்கது. குடம் ‘கொடம்’ ஆதல்போல, உகரம் ஒகரமாகத் திரியும் பேச்சு வழக்கு இது. ‘புறம்போக்கு’ என எழுத்து வழக்கில் பாடியிருப்பின் அது அலுவலகச் சொல்லாக நின்றிருக்கும். வசையை மீட்க வசை வழங்கும் வாய்மொழியே வேண்டும். அவ்வாய்மொழியை ஆனந்தபைரவி முதலாகச் சிந்துபைரவி ஈறாக அமைந்த இராகமாலிகையில் ஏற்றியதே இப்பாடலின் புதுமை. சபைக்கு உரியதெனக் கொள்ளப்பட்ட பண்ணும், சபைக்குப் புறம்பெனத் தள்ளப்பட்ட சொல்லும் ஒருங்கே நிற்கின்றன.

படக்காட்சிகளை நெய்தல் திணையோடு ஒப்பிட்டுக் காணலாம். கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூரின் முதற்பொருள் நெய்தலுக்குரியதே. கருப்பொருளோ மாறியுள்ளது. கழியும் படகும் இருக்க வேண்டிய காட்சியில் அனல்மின் நிலையச் சாம்பலும் புகைபோக்கிகளும் இடம்பெறுகின்றன; பாடகர் முகமூடி அணிந்து தோன்றுகின்றார். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். இப்பாடல் இரங்கலோடு அமையாது, கேட்போனையும் பொறுப்பேற்க அழைக்கின்றது. ஈண்டே அது மரபினின்று வேறுபடுகின்றது.

குறையும் ஒன்று உண்டு. பாடல் முழுதும் ஒலிப்பது சபையிற் பயின்ற ஒரு குரலே. கானா என்னும் சொந்தப் பாட்டு மரபு உடையது வடசென்னை. கழியை நம்பி வாழும் மீனவர் குரல் ஒரு சரணத்திலேனும் ஒலித்திருப்பின், பொதுநிலம் பற்றிய பாட்டு பொதுக்குரலும் பெற்றிருக்கும். மக்கள் மொழியை எடுத்தாளுதல் வேறு; மக்களே பாடுதல் வேறு.

ஆயினும் இக்குறை பாடலின் பயனை அழிப்பதன்று. பாடல் வெளிவந்த அதே திங்களின் 28ஆம் நாள், எண்ணூர்த் துறைமுகத்திற்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழியினுள்ளேயே புகுந்தது. ஒரு நிலத்தின் பெயர் வசையாக இருக்கும் வரையில், அந்நிலத்திற்கு நேரும் கேட்டை இழப்பாக எண்ணுவார் அரியர். சொல்லின் பொருளை மீட்டல் நிலத்தை மீட்டலுக்கு முற்படி என்பதே இப்பாடலால் நாம் பெறும் கருத்தாகும்.