பழைய வாளுக்கு எது சொந்த ஊர்?

மன்னார்த் தீவின் பேசாலைப் பக்கம் ஒரு பழைய வீட்டுப் பரணிலிருந்து வாள் ஒன்று இறங்கினால் ஊரில் இரண்டே கதைதான் எழும். ஒன்று, அது யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனுடையது. இல்லையென்றால் பறங்கி விட்டுப்போனது. இரண்டுக்கும் இங்கே இடமுண்டு. 1544இல் சங்கிலியின் படை மன்னாரில் புதுக் கிறிஸ்தவர்களை வெட்டிச் சாய்த்தது. 1560இல் போர்த்துக்கேயர் தீவைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். பிறகு 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர். ஆனாலும் கதையைக் கொஞ்ச நேரம் திண்ணையில் இருத்திவிட்டு வாளை மட்டும் பாருங்கள்.

முதலில் கூத்து வாளை விலக்கிவிட வேண்டும். நாட்டுக்கூத்து ஆடும் மண்ணில், தகரத்தில் வெட்டிய வாளும் இரண்டு தலைமுறை பரணில் கிடந்தால் ராசா வாளாகிவிடும். உண்மையான அலகு பிடியருகே தடித்திருக்கும், முனை நோக்கி மெலிந்துகொண்டே போகும். தகரத்துக்கு எங்கும் ஒரே தடிப்பு.

அடுத்து, அலகையும் பிடியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே ஊரில் பிறந்திருக்க வேண்டியதில்லை. இதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் கஸ்தானே. தேசியக் கொடியில் சிங்கம் ஏந்தி நிற்கும் வாள் அதுதான். பிடியின் தலையில் வாய் பிளந்த சிங்கம், சிலவற்றில் கண்ணுக்குச் சிவப்புக் கல். கைக்காப்பும் கீழ்நோக்கி வளையும் கிளைகளும்கூட விலங்குத் தலைகளில்தான் முடியும். இவ்வளவும் இலங்கைக் கைவேலை. ஆனால் அந்தப் பிடிக்குள் நுழைந்திருக்கும் குட்டையான வளைந்த அலகு பல வாள்களில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலத்தில் முதலியார்கள் இதைப் பதவிச் சின்னமாக இடுப்பில் கட்டினார்கள். என் ருசிக்கு, வெள்ளி போர்த்திய முதலியார் வாளைவிட, கைபட்டுச் சிங்கத்தின் மூக்கு மழுங்கிப்போன வாளே மேல்.

அலகில் முத்திரை தேடுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில், பிடிக்குச் சற்று மேலே, இரண்டு பக்கமும். பெரிய ‘வி’ எழுத்தின் இரு கைகளிலும் ‘ஓ’வும் ‘சி’யும் கோத்திருந்தால் அது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் குறி. அதற்கு மேலே ‘ஏ’ இருந்தால் ஆம்ஸ்டர்டாம் கிளை. ஓடும் ஓநாய் தெரிந்தால் ஜெர்மனியின் பாசாவ், சோலிங்கன் பட்டறைகள் நினைவுக்கு வரும். ஆனால் அவசரப்படாதீர்கள். பேர்பெற்ற முத்திரையைப் போலியாகக் குத்துவது அந்தக் காலத்திலும் நடந்த வியாபாரம்தான்.

பிறகு அலகின் வால் பிடிக்குள் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். வட்டத் தட்டு வைத்த இந்தியப் பிடிகளில் அரக்கு மாதிரியான பிசினை உருக்கி ஊற்றி இறுக்கியிருப்பார்கள். ஐரோப்பிய வாளில் வால் பிடியை ஊடுருவிக் குமிழின் உச்சியில் வந்து அடித்து மடக்கப்பட்டிருக்கும். இந்த ஓர் இடம் பல கதைகளைத் தீர்த்துவைக்கும்.

மிச்சத்தைக் காகிதங்கள்தான் சொல்லும். 1765இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடியபோது எடுத்துப்போன பொருள்கள் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்தன. அவை எப்படி வந்தன என்பதை ஆராய்ச்சியாளர்கள் தோண்டி எடுத்தபின், தங்கக் கஸ்தானே, வெள்ளிக் கஸ்தானே உட்பட ஆறு பொருள்கள் 2023 டிசம்பரில் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டன. இப்போது அவற்றின் இடம் கொழும்புத் தேசிய நூதனசாலை. கஸ்தானேயைக் கண்ணால் கண்டு பழக அங்கே போங்கள்.

வீட்டு வாளைக் குத்துவிளக்குப் போலப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், உப்புத்தாளும் வேண்டாம். துருவோடு முத்திரையும் போய்விடும். நம் உப்புக் காற்றுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ வாள் அகப்பட்டால் தொல்பொருள் திணைக்களத்துக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து வெளிப்படும் தொல்பொருள் அரசுக்கு உரியது.