கூரை நீங்கிய ஹெரால்டு

புரட்டாசி ஞாயிறு ஒன்றில், வெயில் ஏறுமுன், பெருங்களத்தூரில் ஒரு வீட்டு வாசலில் நான்கு பேர் சேர்ந்து ஒரு காரின் கூரையைத் தூக்கினோம். முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பிலும் டிக்கிக்கு முன்னாலும் இருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சில்வர் கிண்ணத்தில் போட்டாயிற்று. "மெல்ல, மெல்ல" என்று காரின் சொந்தக்காரரான பெரியவர் குரல் கொடுக்க, கூரையை அலுங்காமல் எடுத்துத் திண்ணையில் விரித்திருந்த பாயின் மேல் வைத்தோம். திரும்பிப் பார்த்தேன். நேற்றுவரை அடக்கமான குடும்பக் காராக நின்ற ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, மழை விட்டதும் குடையை மடக்கிக்கொண்டு நிமிர்ந்த இளைஞனைப் போல வானம் பார்த்து நின்றது.

ஐப்பசி மழைக்கு முன் கூரைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள ரப்பர் பட்டையை மாற்ற வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கழற்றல். ஆனால் அந்த ஒரு காலைப்பொழுதுக்கு எங்கள் முன் இருந்தது அசல் கன்வர்டிபிள்.

இப்படிக் கழலும்படி ஒரு காரை ஏன் செய்தார்கள்? அந்தக் காரணமே ரசிக்கத் தக்கது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் – டிரையம்ப் நிறுவனத்துக்கு உடற்கூடு செய்து தந்த ஆலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே கூடாக அடித்துத் தர ஆளில்லை. ஆகவே தனியாக ஒரு சேஸி, அதன்மேல் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைக்கும் உடல் என்று தீர்மானித்தார்கள். அந்த நெருக்கடிக்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜோவான்னி மிக்கெலோட்டி. 1959இல் டிரையம்ப் ஹெரால்டு வந்தது. மறு ஆண்டே கன்வர்டிபிள் வந்தது. ஹெரால்டின் சேஸியைக் குறுக்கி, 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரும் வந்தது. துண்டுகளாகக் கப்பலேற்றி வேறொரு நாட்டில் பூட்டிக்கொள்ளவும் இந்த அமைப்பு தோதாக இருந்தது. 1961 முதல் நம் வண்டலூர்த் தொழிற்சாலையில், ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற பெயர்ப்பலகையின் கீழ் ஹெரால்டு உருவானது. பெரியவர் வீட்டிலிருந்து அந்த இடம் நடந்துபோகும் தூரம். இன்று அங்கே ஐ.டி. அலுவலகங்கள் நிற்கின்றன.

பெரியவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெக்கானிக்கிடம் வண்டியை விடும் வழக்கமே அவருக்கு இல்லை. "இது திறந்து பாக்கறதுக்குன்னே செஞ்ச வண்டி, தம்பி" என்று சொல்லிக்கொண்டே பக்கவாட்டுக் கொக்கிகள் இரண்டையும் விடுவித்தார். பானட் என்றா சொல்வது அதை! முகப்பு விளக்குகள், இருபுற மட்கார்டுகள் எல்லாம் சேர்ந்த மொத்த மூக்கும் முன்பக்கம் சாய்ந்து, தாமரை இதழ் விரிவதுபோல் திறந்தது. உள்ளே மறைப்பே இல்லை. 948 சி.சி. எஞ்சின், கார்புரேட்டர், ஸ்டியரிங் ரேக், முன்சக்கரங்களின் விஷ்போன்கள் அத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில். பெரியவர் முன் டயரின் மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு அதன்மீது உட்கார்ந்தார். எஞ்சின் அவர் மடியில் கிடப்பது போலிருந்தது. அவர் முதுகு வளையவே இல்லை. வேலை செய்கிறவன் உட்கார இடம் வைத்துக் கட்டிய இன்னொரு எஞ்சின் அறையை நான் கண்டதில்லை.

அந்த ஆசனத்திலிருந்து குனிந்தால் முன்சக்கரத்தின் அடியில் ட்ரன்னியன் தெரியும். கைக்குள் அடங்கும் சிறு வெண்கலக் கட்டை. சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டி, இந்தக் கட்டைக்குள் திருகியிருக்கிறார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகு மரை வெண்கல மரைக்குள் புரண்டு கொடுக்கிறது. நீங்கள் வளைவில் உணரும் அந்த வழுவழுப்பு இங்கேதான் பிறக்கிறது. இதற்குக் கிரீஸ் ஆகாது. கெட்டியாக உறைந்து மரையின் உள்மடிப்புக்குப் போகாது. வறண்ட தண்டு துருவேறி ஒருநாள் முறிந்தால் சக்கரமே மடங்கிவிடும். 90 நம்பர் கியர் ஆயில்தான் வேண்டும். பெரியவர் அதை மட்டுமே நிரப்பிய கிரீஸ் கன் ஒன்றைச் சிவப்புத் துணி சுற்றித் தனியே வைத்திருக்கிறார். அவர் அழுத்த, விளிம்பில் பழைய எண்ணெய் கறுப்பாகக் கசிந்தது. அது படிப்படியாகத் தெளிந்து, கடைசியில் தேன் நிறத்தில் ஒரு முத்து. அதைப் பார்த்த பிறகே கையை எடுத்தார்.

அடுத்தது எஞ்சின். இக்னிஷன் பாயிண்ட் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்துக்கு 15 பங்கு, வால்வுக்கு 10. ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு உள்ளே போய் வெளியே வரும்போது லேசாகப் பிடித்து விட வேண்டும். "வெண்ணெயில கத்தி போற மாதிரி" என்றார். அவருடைய பேரன் செய்து பார்த்தான். மூன்றாவது முறையில் அவன் முகமே சொல்லிவிட்டது.

புதுமை சேர்ப்பதிலும் பெரியவருக்கு ஒரு நாகரிகம் உண்டு. பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்திருக்கிறார். ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் பேட்டரி வற்றாது, விளக்கு மங்காது. இதற்காகப் பாசிட்டிவ் எர்த்தாக இருந்த வண்டியை நெகட்டிவுக்கு மாற்றி, இக்னிஷன் காயிலின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றினார். டைனமோவையோ புடவைத் துணியில் பொதிந்து பத்திரமாக வைத்திருக்கிறார். புதிதாக ஓர் ஓட்டைகூடப் போடவில்லை; பழையதைத் திரும்பப் பூட்ட ஒரு மணி நேரம் போதும். காரின் மூல அமைப்புக்குக் கை கூப்பிவிட்டுச் செய்த மாற்றம் அது.

கூரையை ஏற்றுவதற்கு முன், வாசலில் ஒரே ஒரு திருப்பம். எங்கள் பக்கத்து மனைப்பிரிவுகளில் தெரு 30 அடி. ஹெரால்டு ஒரு முழு வட்டம் அடிக்க 25 அடி போதும். பெரியவர் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தார். சக்கரங்கள் நம்ப முடியாதபடி குறுக்கே திரும்பி நிற்க, கார் தன் வாலைத் தானே தேடும் பூனைக்குட்டியாய்ச் சுழன்று, ஒருமுறைகூடப் பின்வாங்காமல், மறுபக்கம் பார்த்து நின்றது. மேலே கூரை இல்லை. வேப்பமரத்தின் நிழல் இருக்கைகளின்மீது ஓடிப் போயிற்று.

புது ரப்பர் பட்டை ஒட்டிக் கூரை ஏறியபோது மணி பன்னிரண்டு. கிண்ணத்தில் ஒரு போல்ட்டும் மிச்சமில்லை. தாம்பரம், வண்டலூர்ப் பக்கம் எங்காவது ஒரு ஹெரால்டைக் கண்டால் நின்று பேசுங்கள். பானட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே ஒன்று நின்றால், காயலான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். முதலில் அந்த ட்ரன்னியனுக்கு எண்ணெய் விடுங்கள்.